மலையிலிருந்து ஒரு சம்பந்தம்

அத்தியாயம் 17

சென்ற வாரம் குணரத்தினத்தின் வீட்டில் மூன்று பேர் கோப்பியைத் தொடாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதை வாசித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றுதான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரத்துச் சிக்கல் முழுவதும் அந்தக் கோப்பியிலிருந்துதான் கிளம்புகிறது.

வந்தவர்களில் ஒருவர் நிக்கோல். மெல்பர்னின் டண்டினோங் பகுதியில் கொங்கிறீற் வேலை எடுத்துச் செய்கிற முதலாளி. குணரத்தினம் அவரிடம் ஆறு வருடமாக வேலை செய்கிறார். இரண்டாவது ஆள் நிக்கோலின் மகன் லூவான். குணரத்தினத்தின் ஒரே மகள் வினுஷாவைக் கட்டப்போகிறவன். கோயிலில் தாலி, தேவாலயத்தில் மோதிரம், ஒக்டோபரில் மெல்பர்னில் கல்யாணம் என்று எல்லாம் பேசி முடிந்த விஷயம்.

மூன்றாமவர்தான் புது ஆள். பெயர் பிரெங். மொண்டெநீக்ரோ நாட்டின் மலைப்பகுதியிலிருந்து வந்திருந்தார். நிக்கோலின் குடும்பம் அல்பேனியர்தான், ஆனால் அல்பேனியாவில் பிறந்தவர்கள் அல்லர். எல்லைக்கோட்டுக்கு மொண்டெநீக்ரோப் பக்கம், வேறு இனத்தவரின் நாட்டில், கைப்பிடி அளவாக வாழ்கிற அல்பேனியர். அந்தக் கைப்பிடிப் பேருக்கு ஒரு கட்சி உண்டு. அதன் தலைவர் பிரெங். பழைமையில் ஊறிய கட்சி. தாய்மொழி, தேவாலயம், குடும்பம், கொடுத்த வாக்கு, இந்த நான்கிலும் யாரும் கைவைக்கக்கூடாது என்பதுதான் அவர்களுடைய கொள்கை முழுவதும். நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரே ஓர் ஆசனம். போன தேர்தலில் அதுவும் நாற்பத்தொரு வாக்கில்தான் தப்பியது.

அவர் கேட்டு வந்தது இதுதான். கல்யாணத்தை ஜூன் மாதத்துக்கு முன்தள்ளி, மலைக்கிராமத்தில், தேர்தல் வாரத்தில் வைக்க வேண்டும். கல்யாணம் அங்கே என்றால் மெல்பர்ன் சொந்தக்காரர் எல்லோரும் விமானம் ஏறுவார்கள். ஏறியவர்கள் வாக்கும் போடுவார்கள்.

குணரத்தினம் யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்க அவருக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. இதற்கிடையில் தங்கச்சி அருந்ததியிடம் இரவல் வாங்கிய நல்ல கோப்பைகளில் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. வந்த விருந்தாளிகள் தொடவே இல்லை. யாழ்ப்பாணத்து மனிதருக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? குடியுங்கோ, குடியுங்கோ என்று மூன்று தரம் வற்புறுத்தினார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே மூச்சில் குடித்தார்கள். பிரெங் எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார்.

கோப்பி நன்றாக அமைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குணரத்தினம் கோப்பைகளைக் கழுவப் போனார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அருந்ததியின் காரில் டண்டினோங் மண்டபத்துக்குப் புறப்பட்டார்கள். கட்சிக் கூட்டமும் மதியச் சாப்பாடும் என்று நிக்கோல் அழைத்திருந்தார். கிளேட்டன் ஆஸ்பத்திரியில் வேலை முடித்துவிட்டு வினுஷா நேரே வருவதாகச் சொல்லியிருந்தாள். வழி நெடுக அருந்ததி அண்ணனைக் குடைந்துகொண்டே வந்தாள். விசா விஷயத்தை இன்றைக்காவது சம்பந்தியிடம் சொல்லிவிட வேண்டும், நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றாள். ஊரில் உள்ள எல்லோருக்கும் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள் அவள். ஒளிவுமறைவு அவளுக்குப் பிடிக்காது.

மறைக்கிற விஷயம் பெரியதுதான். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் படகில் வந்தவர் குணரத்தினம். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடும் இழுபட்டு, இன்றுவரை பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக அனுமதியில் ஓடுகிறது வண்டி. வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஆனால் நாட்டை விட்டு ஒருமுறை வெளியே கால் வைத்தால் திரும்பி வர வழி இல்லை. இதை முதலாளியிடம் சொல்ல வெட்கம். முதலாளி சம்பந்தியான பிறகு அந்த வெட்கம் இரண்டு மடங்காகிவிட்டது. பேப்பர் வந்துகொண்டிருக்கிறது என்று ஆறு வருடமாகச் சமாளித்துவிட்டார்.

மண்டப வாசலில் நுழைந்ததும் குணரத்தினம் நின்றுவிட்டார்.

இவ்வளவு கூட்டத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. சுவரில் ஒரு நீளமான பட்டியல் ஒட்டியிருந்தது. பெயர், அதற்கு எதிரே விமானம், தேதி. லூவான் ஓடி வந்து விளக்கினான். வாக்குப் போட ஊருக்குப் பறக்கிறவர்களின் பட்டியல் அது. வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க அந்த நாட்டில் வசதி கிடையாது, ஆள் நேரே போய் நிற்க வேண்டும். போன ஞாயிறு வரை அறுபது பேர் இருந்தார்களாம். இப்போது நூற்று நாற்பத்து மூன்று.

அவர் ஆட்களைப் பார்த்தார். இடுப்பு எலும்பு மாற்றி ஆறு வாரம்கூட ஆகாத ஒருவர் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் பட்டியலில் இருந்தது. கையில் மாவுக்கட்டுப் போட்ட ஓடு பதிக்கும் தொழிலாளி ஒருவர், அவர் பெயரும் இருந்தது. லீவு தர மறுத்ததால் பஸ் ஓட்டும் வேலையையே விட்டுவிட்ட ஒருவரை லூவான் காட்டினான். மூக்குத்தி போட்ட ஒரு இளம்பெண், கட்சி சொல்வதில் பாதி தனக்குப் பிடிக்காது என்று வெளிப்படையாகவே சொன்னாள். பிறகு ஏன் போகிறாய் என்று அருந்ததி கேட்டதற்கு, அந்த ஒரு ஆசனமும் போய்விட்டால் அங்கே எங்கள் பாஷையில் எழுந்து பேச ஆளே இல்லையே என்றாள்.

முப்பது மணி நேரப் பயணம். மூன்று விமானம் மாற வேண்டும். போய் ஒரு பெட்டியில் ஒரு கடதாசியைப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். வென்றால் கிடைப்பதும் ஒரே ஓர் ஆசனம்.

குணரத்தினத்துக்கு மெய்சிலிர்த்தது. அவர் வளர்ந்த காலத்தில் தேர்தல் நாள் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிற நாள். போட்டால் ஒரு தரப்பு வரும், போடாவிட்டால் மறு தரப்பு வரும். இந்த ஐம்பத்து மூன்று வயதுக்குள் அவர் வாக்குப் போட்டது ஒரே ஒரு தரம், அதுவும் பயந்து பயந்து. பத்து நிமிட நடைதூரத்தில் இருந்த வாக்குச்சாவடிக்கே அதன்பிறகு போகாத மனிதர், இவர்களை ஏதோ வேறு உலகத்து மனிதர்களைப் பார்ப்பதுபோல வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். தன்னுடைய ஆட்களும் இப்படி ஒரு காலம் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவர் மேற்கொண்டு வளரவிடவில்லை.

வினுஷா வந்து அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தபோது பிரெங் மேடையேறினார். எழுபது வயது, வெள்ளை மீசை, கோட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. கையில் காகிதம் இல்லாமல் பேசினார். லூவான் பக்கத்தில் குந்தியிருந்து மெதுவாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். முதலில் தேர்தல், பிறகு பள்ளிக்கூடம், பிறகு மலையில் உள்ள தேவாலயத்துக் காணி.

திடீரென்று மண்டபம் முழுவதும் குணரத்தினம் பக்கம் திரும்பியது. ஆண்கள் எழுந்து வலது கையை நெஞ்சில் வைத்தார்கள்.

லூவானின் முகம் மலர்ந்திருந்தது. தலைவர் உங்களைத்தான் சொல்கிறார் என்றான். எங்கள் இரத்தம் இல்லாத, எங்கள் மொழி தெரியாத ஒரு மனிதரிடம் போய் உதவி கேட்டேன், தன் ஒரே பெண்ணின் கல்யாணத்தை எங்கள் மலையில் நடத்த அவர் வாக்குக் கொடுத்தார், அந்தச் சேதி கேட்டுத்தான் அறுபது பேர் நூற்று நாற்பத்து மூன்று ஆனது என்று சொல்கிறாராம்.

அருந்ததி அண்ணனின் காதருகே குனிந்தாள்.

“அண்ணா, அவைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“கோப்பி குடிக்கச் சொன்னனான்.”

“வேற?”

“வேற ஒண்டும் சொல்லேல்லை. ஆறுது, குடியுங்கோ எண்டனான்.”

லூவானின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. தட்டுத்தடுமாறி விளங்கப்படுத்தினான். ஒரு வீட்டுக்குப் பெரிய விஷயம் ஒன்றைக் கேட்டுப் போகிறவர்கள், பதில் கிடைக்கும்வரை அந்த வீட்டுக் கோப்பியைத் தொடமாட்டார்கள். வீட்டுக்காரர் குடி என்று சொல்லிவிட்டால், கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று பொருள். அதன் பிறகு மாற்றுப் பேச்சு இல்லை. இத்தனை வருடம் பழகியவர், இது அங்கிளுக்குத் தெரியும் என்றுதான் அப்பாவும் தானும் நினைத்ததாகச் சொன்னான்.

ஒரு விருந்தாளியை உபசரிக்கப்போய், ஒரு கட்சியின் தலையெழுத்தையே கையில் வாங்கி வைத்திருந்திருக்கிறார் குணரத்தினம்.

வினுஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சத்தம் போடுகிற பெண் இல்லை அவள். தகப்பனின் கையைப் பிடித்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“நீங்கள் வரேலாத இடத்திலை எனக்குக் கலியாணம் வேண்டாம் அப்பா. ஒண்டுக்கும் நீங்கள் வரேல்லை. இதுக்கும் இல்லையெண்டா, வேண்டாம்.”

அவள் சொன்னது உண்மை. தாயில்லாத பிள்ளை. அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது அவர் படகேறினார். மாமன் வீட்டில் வளர்ந்தாள். அவள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியச் சடங்கைப் போன் திரையில் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதை யாரோ எடுத்த படத்தில் பார்த்தார். ஒன்பது வருடம் கழித்து மாணவியாக அவள் டல்லமரீன் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, இதுதான் உங்கள் மகள் என்று அருந்ததி காட்டித்தான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு அவர் மனதுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டார், கல்யாணத்துக்காவது பக்கத்தில் நிற்பேன் என்று. அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அது.

கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மண்டபத்துக் குசினியில் நிக்கோல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறைச்சித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குணரத்தினம் கதவைச் சாத்தினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நின்ற நிலையில், எல்லாவற்றையும் சொன்னார். படகு, நிராகரிப்பு, விசா, ஆறு வருடப் பொய், கடைசியில் கோப்பி.

நிக்கோல் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

“ஆறு வருடம், குணா. ஒரே தட்டில் சாப்பிட்டோம். ஏன் சொல்லவில்லை?”

வெட்கம் என்றார் குணரத்தினம். சம்பந்தி என்று நீ ஒரு மனிதனைக் காட்டும்போது, அவனுக்கு ஒரு நாடு இருக்க வேண்டாமா என்றார்.

நிக்கோல் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, கை கட்டப்பட்டவனிடம் வாங்கிய வாக்கு வாக்கே இல்லை, அதை வைத்திருப்பது எனக்குத்தான் அவமானம் என்று சொன்னார். இப்போதே மேடையில் ஏறி எல்லோர் முன்னாலும் அதைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். கல்யாணம் பழையபடி ஒக்டோபரில் மெல்பர்னில் நடக்கும்.

“அப்ப உங்கட ஆசனம்?”

“போகும். எண்பது பேர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். போகட்டும். நான்கு வருடம் கழித்து மறுபடி கேட்போம்.”

நிக்கோலின் தகப்பனும் பிரெங்கும் சேர்ந்து கட்டிய கட்சி அது. தகப்பனின் படத்தை லொறியின் கண்ணாடிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிற மனிதர். அதையே போகட்டும் என்கிறார், தன்னிடம் கூலிக்கு வேலை செய்கிற ஒருவனுடைய கட்டப்பட்ட கைக்காக. எத்தனையோ அதிகாரிகள் முன்னால், எத்தனையோ மேசைகள் முன்னால் நின்று பார்த்தவர் குணரத்தினம். தன் நிலைமையைச் சொன்ன பிறகு எதிரில் இருந்தவர் இறங்கி வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்.

அப்படிப்பட்டவரிடம் வாங்கிக்கொண்டு போவது எப்படி? அவருக்கும் ரோஷம் உண்டு. மண்டபத்தில் ஊன்றுகோலோடு இருந்தவர் கண்ணுக்குள்ளேயே நின்றார். வேண்டாம் என்றார் குணரத்தினம். தெரிந்து சொன்னேனோ தெரியாமல் சொன்னேனோ, என் வாயால் சொன்னது, நடத்துங்கள், நான் இங்கே இருந்துகொள்கிறேன் என்றார். நிக்கோல் கூடாது என்றார். இவர் நடத்து என்றார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதற்காகக் கிட்டத்தட்டச் சண்டை போடும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

கதவு திறந்து பிரெங் உள்ளே வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. பின்னால் லூவான் வெளிறிப்போய் நின்றான். அவன் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பிரெங் குணரத்தினத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். லூவான் அதை மொழிபெயர்த்தான்.

“பெண்ணின் தகப்பன் எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்கிறார்.”

மூவரும் விழித்தார்கள். கிழவருக்குக் கோபமே வந்துவிட்டது. நிக்கோலைப் பார்த்து, முப்பது வருடம் சீமெந்து குழைத்து மரபையெல்லாம் மறந்துவிட்டாயா என்று விளாசினார். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை ஊருக்கு வந்து கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது எங்கள் வழக்கத்தில் எந்தக் காலத்திலும் கிடையாது. அவன் தன் வீட்டு வாசலில் நிற்பான். அதுதான் அவனுடைய மரியாதை. மாப்பிள்ளையின் ஆட்கள் எவ்வளவு தூரமானாலும், பனியானாலும் மழையானாலும், அந்த வாசலுக்கு நடந்து போய், பெண்ணைத் தா என்று அவனிடம் கேட்டு அழைத்து வருவார்கள். அவன் ஓர் அடி நகரத் தேவையில்லை.

“உங்கள் சாதி வழக்கப்படி தாலியோ எதுவோ, அதை உங்கள் வாசலில் உங்கள் கண்ணால் பார்த்து முடியுங்கள் என்கிறார்,” என்றான் லூவான். “அன்றைக்கே நாங்கள் வந்து கேட்போம். உங்கள் வாசலிலிருந்து நேரே விமான நிலையம், மோதிரம் மலைத் தேவாலயத்தில்.”

பதின்மூன்று வருடமாக எந்த எல்லையையும் தாண்டக்கூடாது என்று கடிதம் கடிதமாக வந்த வீடு குணரத்தினத்தினுடையது. நோபிள் பார்க்கில், பின்பக்கத்தில், இரண்டு அறை. அந்த வாசலைத்தான் இந்த மனிதர் ஏதோ அரண்மனை வாசலைப்போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைமைவாதிகள் என்றால் கதவைச் சாத்துகிறவர்கள் என்றுதான் குணரத்தினம் இதுவரை நினைத்திருந்தார்.

பிரெங் அவருடைய தோளைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். மண்டபம் அடங்கியது. நடந்ததை மறைக்காமல் சொன்னார். விசாவைச் சொன்னார், கோப்பியையும் சொன்னார். கோப்பிக் கதைக்குச் சிலர் சிரித்தார்கள். விசாக் கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஊன்றுகோல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் பிரெங் குணரத்தினத்தின் பக்கம் திரும்பி, முறைப்படி, சத்தமாகக் கேட்டார்; நிக்கோல் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பெண் அழைக்க எத்தனை பேர் வரலாம் என்பதைப் பெண்ணின் தகப்பன்தான் சொல்ல வேண்டும், அவர் சொல்கிற தொகைக்கு ஓர் ஆள் கூடக்கூடாது, குறையவும் கூடாது. எத்தனை பேர்?

கீழே இருந்து அருந்ததி ஐந்து விரலை விரித்துக் காட்டினாள். பிறகு பயந்துபோய், போனால் போகட்டும் என்று இரண்டு கையையும் விரித்துப் பத்து என்று காட்டினாள். வீட்டில் இருப்பதே நான்கு கதிரை.

குணரத்தினம் சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார். அவர் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவருடைய கதவைத் தட்டி உள்ளே வரலாமா என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

“எல்லாரும் வாங்கோ,” என்றார் தமிழில்.

யாரும் மொழிபெயர்க்கக் காத்திருக்கவில்லை. கதிரைகள் ஒரே சத்தமாகப் பின்னுக்கு இழுபட்டன. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் எழுந்தார். மாவுக்கட்டுக்காரர் எழுந்தார், மூக்குத்திப் பெண் எழுந்தாள். நூற்று நாற்பத்து மூன்று பேரும் நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். குணரத்தினமும் தன்னையறியாமல் கையை நெஞ்சில் வைத்தார்.

அப்போதுதான் அவர் கண் தான் முன்பு உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைக்குப் போனது.

அவ்வளவு பெரிய மண்டபத்தில் எழும்பாமல் இருந்தது வினுஷா ஒருத்திதான். லூவான் குனிந்து அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கட்டியிருந்த கையை எடுக்கவில்லை. கல்யாணப் பெண் அவள்தான் என்பதும், அவளை இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் மேடையில் நின்ற தகப்பனுக்கு அந்த நேரம்தான் உறைத்தது.